மெனி ஹோலொட்னோ: எட்மன்டனில் உக்ரேனிய மொழி படித்த கதை

உக்ரேனிய மொழியை நான் ஆசைப்பட்டு எடுக்கவில்லை. எட்மன்டனில் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவில் சேர்ந்தபோது, ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் இரண்டு பாடமாவது படித்தாக வேண்டும் என்றார்கள். எனக்குக் கிடைத்த அட்டவணையில் பிரெஞ்சு வகுப்பு காலை 8 மணிக்கு. ஜனவரியில் மைனஸ் 30 டிகிரியில் 8 மணி வகுப்புக்குப் போக வேண்டுமானால் ஆறரைக்கே பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். உக்ரேனிய வகுப்பு 11 மணிக்கு. அவ்வளவுதான் காரணம்.

மதுரையில் பிளஸ் டூ முடித்துவிட்டு, அப்பாவின் வேலை மாற்றத்தோடு கனடா வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வீடியோ காலில் பெரியப்பா கேட்டார்: "உக்ரேனா? டாக்டருக்கா படிக்கிறே?"

"இல்ல பெரியப்பா, உக்ரேன் பாஷை."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அதைப் படிச்சு?" என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. ஆனால் இரண்டு பாடத்தோடு நிறுத்த நினைத்தவள் பட்டம் முடியும்வரை ஒவ்வொரு செமஸ்டரிலும் ஒரு உக்ரேனியப் பாடம் எடுத்தேன்.

எட்மன்டனில் உக்ரேனிய மொழி எப்படி வந்தது என்று தெரியாதவர்களுக்கு: 1891-ல் ஆஸ்திரியப் பேரரசின் கீழிருந்த கலீசியாவிலிருந்து (இன்றைய மேற்கு உக்ரேன் பக்கம்) இவான் பிலிபிவ், வாசில் எலெனியாக் என்ற இரண்டு விவசாயிகள் நிலம் பார்க்க கனடா வந்தார்கள். பிலிபிவ் திரும்பிப் போய் ஊரில் சொன்னார். 1894-லிருந்து எட்மன்டனுக்குக் கிழக்கே குடும்பம் குடும்பமாகக் குடியேறத் தொடங்கினார்கள். இன்றும் அந்தப் பக்கம் காரில் போனால் கோதுமை வயல்களுக்கு நடுவே வெங்காயக் குவிமாடம் வைத்த தேவாலயங்கள் தெரியும். நகரப் பள்ளிகளில் 1974 முதல் உக்ரேனிய-ஆங்கில இருமொழிக் கல்வி நடக்கிறது. பல்கலைக்கழகத்தில் 1976-ல் உக்ரேனிய ஆய்வுக்கென்று தனி நிறுவனமே தொடங்கினார்கள். அதனால் என் வகுப்பில் பாதிப் பேர் அந்தக் குடியேறிகளின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள். சாப்பாட்டுப் பெயர், ஜெபம், திட்டு இந்த மூன்றும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாக்கியம் அமைக்கச் சொன்னால் தெரியாது. எனக்கு இரண்டுமே தெரியாது.

முதல் தேர்வில் 100-க்கு 52. காரணம் எனக்கு அப்போது புரியவில்லை. விழுந்து விழுந்துதான் படித்திருந்தேன். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், விளக்கம் ஆங்கிலத்தில், என் நோட்டும் ஆங்கிலத்தில். "மெனி ஹோலொட்னோ" என்று ஒரு வாக்கியம். ஆங்கிலத்தில் இதை விளக்க எங்கள் புத்தகம் அரைப் பக்கம் எடுத்துக்கொண்டது: இதில் எழுவாய் இல்லை, குளிரை உணரும் ஆள் நான்காம் வேற்றுமையில் வருவார், வினைச்சொல்லும் வெளியே தெரியாது. நானும் அந்த அரைப் பக்கத்தை மனப்பாடம் செய்தேன்.

தேர்வுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மா போன் செய்தாள். "எனக்குக் குளிருதும்மா, அப்புறம் பேசுறேன்" என்றேன். சொல்லி முடித்ததும் சுரீரென்று உறைத்தது. மெனி என்றால் எனக்கு. எனக்குக் குளிருது. அரைப் பக்கம் எதற்கு?

அன்றிரவு நோட்டைப் பிரித்து எல்லாவற்றையும் தமிழுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "உ மெனே யே" என்றால் என்னிடம் இருக்கிறது. ஆங்கிலக்காரர்கள் ஒரு பொருளை 'உடையவர்கள்'. நாமும் உக்ரேனியர்களும் அப்படியில்லை, பொருள் நம்மிடம் இருக்கிறது. வயது சொல்லும்போது "மெனி 19 ரோகிவ்", அதாவது எனக்கு 19 வயது. "நான் மாணவி" என்பதற்கு "யா ஸ்துதென்த்கா", நடுவில் 'இருக்கிறேன்' எல்லாம் வேண்டாம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஓயாமல் ஒட்டிக்கொள்ளும் 'a', 'the' இரண்டு மொழியிலும் கிடையாது. என் வகுப்புத் தோழர்கள் ஆங்கிலத்திலிருந்து நதியைக் கடந்து அக்கரைக்குப் போக வேண்டியிருந்தது. நான் ஏற்கெனவே அக்கரையில் பிறந்தவள். தெரியாமல் இக்கரைக்கு வந்து மறுபடி நீந்திக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: உக்ரேனியம் மட்டுமல்ல, வேற்றுமை உருபு உள்ள எந்த மொழியையும் தமிழ் வழியாகப் படியுங்கள். பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தாலும் தலைக்குள் தமிழில் ஓடட்டும்.

வேற்றுமையையே எடுத்துக்கொள்வோம். உக்ரேனியத்தில் ஏழு. வகுப்பில் மற்றவர்களுக்கு ஏழும் ஏழு மலை. நமக்கோ பள்ளிக்கூடத்திலேயே எட்டு. "கத்தியால் வெட்டினேன்", "அம்மாவோடு போனேன்" இரண்டையும் மூன்றாம் வேற்றுமை என்று தமிழாசிரியர் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தபோது, கருவிக்கும் துணைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசித்ததில்லை. உக்ரேனியத்திலும் இவை இரண்டுக்கும் ஒரே வேற்றுமை. துணைக்கு மட்டும் முன்னால் ஒரு சின்ன இடைச்சொல் சேரும்.

இதைவிட என்னை அசத்தியது இரண்டாம் வேற்றுமை. நாம் "பெட்டி வாங்கினேன்" என்று 'ஐ' இல்லாமல் சொல்லலாம். "அண்ணன் பார்த்தேன்" என்று சொல்ல முடியாது, "அண்ணனை" என்றே சொல்ல வேண்டும். உக்ரேனிய ஆண்பால் பெயர்களிலும் இதே கதைதான். மேசையைப் பார்த்தால் மேசை உருமாறாது, அண்ணனைப் பார்த்தால் 'பிராத்' என்பது 'பிராதா' ஆகிவிடும். உயிருள்ளதா இல்லையா என்பதுதான் கணக்கு. இதை நான் வகுப்பில் சொன்னபோது ஆசிரியை கரும்பலகையில் தமிழ் வாக்கியத்தை எழுதச் சொன்னார்.

அப்புறம் விளி வேற்றுமை. அம்மா என்பதற்கு உக்ரேனியச் சொல் 'மாமா'. (ஆமாம். பாட்டி 'பாபா'. வீட்டில் இதைச் சொன்ன நாளிலிருந்து தம்பி சாய்பாபா படத்தைக் காட்டி "இவங்க யாரு?" என்று கேட்கிறான்.) அழைக்கும்போது 'மாமோ', ஒக்ஸானாவைக் கூப்பிட்டால் 'ஒக்ஸானோ', நண்பன் 'த்ரூஹ்', கூப்பிட்டால் 'த்ரூஷெ'. ரஷ்ய மொழியில் இந்த வேற்றுமை சில பழைய சொற்களில் ஒட்டிக்கொண்டிருப்பதோடு சரி. சோவியத் காலத்து இலக்கண நூல்கள் உக்ரேனிய விளியையும் வேற்றுமைக் கணக்கில் சேர்க்காமல் 'விளி வடிவம்' என்று தள்ளி வைத்தன. ஆசிரியை இதைச் சொல்லும்போது குரலில் கோபம் தெரிந்தது. எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் முதலில் வேற்றுமை ஏழு என்று சொல்லிவிட்டு, விளியோடு சேர்த்தால் எட்டு என்று வருகிறது. விளிமரபு என்று தனி இயலே இருக்கிறது. ஆக, விளியை வேற்றுமையில் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சு நமக்கும் பழையதுதான். ஆனால் நம் ஊரில் அது இலக்கணப் பேச்சு, அங்கே அரசியல்.

நடைமுறைக்கு ஒரு குறிப்பு: பேராசிரியரையோ கடைக்காரரையோ அழைக்கும்போது 'பானி' என்று சொல்லி, பின்னால் பெயரை விளி வேற்றுமையில் வையுங்கள் (ஆண் என்றால் 'பானெ'). நீ, நீங்கள் வித்தியாசம் நம் மாதிரியேதான். வயதானவரிடம் 'தி' போட்டுப் பேசினால் முகம் சுருங்கும். நாம் தப்பு செய்ய வாய்ப்பில்லாத இடம் இது.

சரி, தமிழ் கைவிடும் இடங்களையும் சொல்ல வேண்டும். முதலாவது, தமிழில் யோசிக்கலாம், தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கக் கூடாது. முதல் மாதம் நான் அதைத்தான் செய்தேன். குடிப்பதற்கு ஒரு சொல், அடிப்பதற்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டுமே 'பிதி'. இரண்டு நாள் கழித்து நோட்டைப் பார்த்தால் எது எது என்று தெரியாது. வாய்மொழித் தேர்வில் "காலையில் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு, "காபியை அடிப்பேன்" என்று பதில் சொன்னேன். முதல் வாரத்திலேயே, உக்ரேனியம் எழுதப்படும் சிரிலிக் எழுத்துக்கு மாறிவிடுங்கள். போனில் உக்ரேனிய விசைப்பலகை போட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்தைத் தனியாகப் பழகுங்கள், ஏனென்றால் அச்சில் பார்த்த எழுத்துக்கும் ஆசிரியை பலகையில் எழுதுவதற்கும் சம்பந்தமே இருக்காது.

இரண்டாவது, போவது. நாம் நடந்தும் போகிறோம், பஸ்ஸிலும் போகிறோம், விமானத்திலும் போகிறோம். உக்ரேனியத்தில் காலால் போக ஒரு வினை, வண்டியில் போக வேறு வினை. அதிலும் ஒருமுறை ஒரு திசையில் போவதற்கும் வழக்கமாகப் போய்வருவதற்கும் தனித்தனி. நகரத்துக்குக் கிழக்கே உக்ரேனியப் பண்பாட்டுக் கிராமம் என்று ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய குடியேறிகளின் வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தரைக்குள் தோண்டிய முதல் குடிசையான 'புர்தெய்' முதல் தானியக் கிடங்குவரை உண்டு. அங்கே வேலை செய்பவர்கள் அந்தக் காலத்து ஆட்களாகவே வேஷம் போட்டு, அதிலிருந்து வெளியே வராமல் பேசுவார்கள். அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த பெண் என்னிடம் எங்கிருந்து வந்தாய் என்று கேட்டார். நானும் பெருமையாக உக்ரேனியத்தில், இந்தியாவிலிருந்து வந்தேன் என்றேன். நான் போட்டது நடந்து வருகிற வினை. அவர் மாவுக்கையோடு நிமிர்ந்து என் காலைப் பார்த்து, "பாவம், உட்காரு" என்றார்.

வினைகளை இரட்டையாகவே மனப்பாடம் செய்யுங்கள் என்பதை எந்த ஆசிரியரும் சொல்வார். ஏன் என்பதைத் தமிழ் சொல்லும். 'சிதாத்தி' படிப்பது, 'ப்ரோசிதாத்தி' படித்து முடிப்பது. படித்தேன், படித்துவிட்டேன். அந்த 'விடு'தான் முன்னால் ஒட்டும் 'ப்ரோ'. என்ன, நமக்கு 'விடு' ஒன்று போதும். அவர்களுக்கு வினைக்கு வினை ஒட்டு மாறும். ஒருநாள் வீட்டுப்பாடம் பற்றிக் கேட்டபோது 'ரொபிலா' என்றேன், செய்தேன் என்ற நினைப்பில். "செய்துகொண்டிருந்தாய், சரி. முடித்தாயா?" என்றார் ஆசிரியை. 'ஸ்ரொபிலா' என்று சொல்லியிருக்க வேண்டும். உண்மையில் முடிக்கவும் இல்லை, அதனால் இலக்கணம் சரியாகவே இருந்தது.

படிப்புச் செலவுக்காக மாலையில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்த்தேன். அங்கே தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு பாபா இருந்தார். கனடாவிலேயே, பண்ணையில் பிறந்தவர். உக்ரேனைப் பார்த்ததே இல்லை. நான் உக்ரேனியம் படிக்கிறேன் என்று தெரிந்ததும் சாப்பாட்டுத் தட்டை வாங்காமல் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்கு மூன்றில் ஒரு பங்கு புரிந்தது. உருளைக்கிழங்கு வேண்டுமா என்று நான் 'கர்தோப்ல்யா' சொல்லிக் கேட்டேன். "என்னது?" என்றார். தட்டைக் காட்டினேன். "ஓ, பரபோல்யா!" அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார்: "நீ ரேடியோ மாதிரி பேசுறே."

ஒரு தமிழச்சிக்கு இது அடியாக விழவில்லை. மதுரைக் கிழவியிடம் போய் "தாங்கள் உணவு அருந்தினீர்களா?" என்று கேட்டால் என்ன சொல்வாள்? என் வகுப்புத் தோழர்கள் பலருக்கு இதுதான் பெரிய சங்கடம். வீட்டில் கற்ற சொல்லை வகுப்பில் சொன்னால் சிவப்பு மை. அதனால் பாட்டியின் மொழி தப்பு என்று நினைத்துக் கூச்சப்பட்டார்கள். எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று, இரண்டும் மொழிதான் என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. அவர்களுக்கு நான்தான் அதை விளக்கிக்கொண்டிருந்தேன்.

பாபாவின் மொழி 1890-களில் கப்பலேறி வந்த மேற்கு உக்ரேனிய வட்டார வழக்கு, மேலே கனடாவின் ஆங்கிலம் தூவியது. காருக்கு 'கரா'. நானும் அதைப் பிடித்துக்கொண்டு கட்டுரையில் எழுதினேன். பாடநூல் உக்ரேனியத்தில் 'கரா' என்றால் தண்டனை. "அப்பா என்னைத் தினமும் தண்டனையில் ஏற்றிப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வருகிறார்." ஆசிரியை அதைச் சத்தமாகப் படித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனால் கோடு போட்டு அடிக்கவில்லை. அந்தச் சொல்லை யாரிடம் கேட்டாய், அவர் குடும்பம் எந்தப் பக்கம், தேதி எல்லாம் எழுதி வை என்றார். பல்கலைக்கழகத்தில் உக்ரேனிய நாட்டார் வழக்காற்று ஆவணக் காப்பகம் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட பேச்சு அங்கே பொக்கிஷம். அன்றிலிருந்து என் நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் யார் வாயில் கேட்டது என்று ஒரு கட்டம். பாடநூல், பாபா, செய்தி என்று மூன்றே குறி. நான்கு வருடத்தில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அதுவும் ஒன்று.

பாபாவிடம் கிடைத்த இன்னொரு சொல் 'வுய்கோ'. அம்மாவின் சகோதரன். அப்பாவின் சகோதரன் 'ஸ்த்ரிய்'. பாடநூலில் இருவருமே 'தியாத்கோ'. அதாவது பாபாவுக்கு மாமா வேறு, சித்தப்பா வேறு. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்ட பேரப்பிள்ளைகளைப் பற்றி அவர் புலம்பும்போது எங்கள் பெரியப்பா குரல் கேட்டது.

பண்பாட்டுப் பாடம் என்றால் ஆட்டமும் பாட்டும் சாப்பாடும் என்று நினைத்துப் போனேன். அதுவும் இருந்தது. ஈஸ்டருக்கு முன்பு பிஸங்கா செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். முட்டையில் செய்யும் கோலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'பிஸாத்தி' என்றால் எழுதுவது. பிஸங்கா எழுதப்பட்டது, வரையப்பட்டது இல்லை. எழுத்தாணி போன்ற 'கிஸ்த்கா'வை மெழுகுவர்த்தியில் காட்டி, தேன்மெழுகால் கோடு இழுத்து, சாயத்தில் முக்கி, மறுபடி மெழுகு, மறுபடி சாயம். வெள்ளையில் தொடங்கி மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று இருட்டிக்கொண்டே போகும். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தை முதலிலேயே மெழுகால் மூட வேண்டும், பிறகு நினைத்துப் பயனில்லை. மார்கழியில் வாசல் நிறையக் கோலம் போட்ட கை என்று கர்வத்தோடு உட்கார்ந்தேன். தரை அசையாது, முட்டை உருளும். முதல் முட்டையில் கோடு நேராகச் சேரவே இல்லை. இரண்டாவது நன்றாக வந்தது. அதைப் பச்சை முட்டையாகவே, அறையில் ஹீட்டருக்கு மேல் அலமாரியில் அலங்காரமாக வைத்தேன். மே மாதம் ஒரு நள்ளிரவில் அது வெடித்தது. அந்த நாற்றத்தை விவரிக்கத் தமிழ் போதாது. ஊசியால் துளையிட்டு உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றிவிட்டு வையுங்கள், அல்லது வெயிலும் சூடும் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

இலக்கியப் பாடம் வேறு மாதிரி. பாட அட்டவணையில் படைப்பாளிகளின் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருடமும் இறந்த வருடமும் இருக்கும். தாராஸ் ஷெவ்சென்கோவில் தொடங்கும்: 1814-ல் பண்ணையடிமையாகப் பிறந்து, 1838-ல் 2,500 ரூபிள் கொடுத்து மீட்கப்பட்டவர். கீழே வரவர ஒரு இடத்தில் இறந்த வருடம் எல்லாம் ஒன்றாகிவிடும். மிகோலா ஸேரோவ் 1937. மிகோலா குலிஷ் 1937. லெஸ் குர்பாஸ் 1937. வலேரியான் பித்மொஹில்னி 1937. முதலில் தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன். ரஷ்யாவின் கரேலியாவில் சந்தர்மோக் என்ற காட்டில், ஸ்டாலின் ஆட்சியில், அந்த நான்கு பேரையும் சுட்டுக் கொன்றது ஒரே நாளில், 1937 நவம்பர் 3. அந்தத் தலைமுறையை 'சுடப்பட்ட மறுமலர்ச்சி' என்கிறார்கள். ரஷ்யப் பேரரசு 1876-லேயே உக்ரேனிய மொழியில் நூல் அச்சிடுவதற்குப் பெரும்பாலும் தடை போட்டிருந்தது. சோவியத் ஆட்சி எழுத்தையே எடுத்தது. 'சங்கு' என்னும்போது வருகிற வல்லின ஒலிக்கு ஒரு எழுத்து, தலையில் சின்னக் கொம்போடு இருக்கும். 1933-ல் அதை நெடுங்கணக்கிலிருந்து நீக்கினார்கள், 1990-ல் திரும்ப வந்தது. இடைப்பட்ட 57 வருடம் 'விளையாடு' என்ற சொல்லும் 'சிறைக்கம்பி' என்ற சொல்லும் எழுத்தில் ஒன்றாகவே இருந்தன. முதல் மாதம் அந்தக் கொம்பை நான் போட மறந்தபோதெல்லாம் ஆசிரியை ஏன் அரை மதிப்பெண் குறைத்தார் என்பது மூன்றாம் வருடம் புரிந்தது.

2021-ல் படிப்பு முடிந்தது. 2022 பிப்ரவரியில் முழுப்போர். மார்ச்சில் கனடா உக்ரேனியர்களுக்கென்று அவசரப் பயண அனுமதி அறிவித்தது, கோடைக்குள் எட்மன்டனுக்கு நிறையக் குடும்பங்கள் வந்துவிட்டன. ஒரு தேவாலயக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் படிவம் நிரப்ப உதவினேன். முதல் நாளே ஒரு பெண்மணியிடம், உணவு வங்கியில் பரபோல்யா கிடைக்கும் என்றேன். அவர் ஒரு நொடி முழித்துவிட்டுச் சிரித்தார். கார்கிவ் நகரத்துக்காரர். "இந்தச் சொல்லை மலைப்பக்கத்துப் பாட்டிகள்தான் சொல்வார்கள். நீ எந்த ஊர்?" மதுரை என்றேன்.

அவர் வீட்டில் பேசியது ரஷ்யம். பள்ளியில் உக்ரேனியம் படித்திருந்தாலும் போர் தொடங்கிய பிறகுதான் தினசரிப் பேச்சை மாற்றிக்கொண்டார். நாற்பது வயதில், அகதியாக, கனடாவில். நான் படித்த நான்கு வருடத்தில் யாரும் இதற்கு என்னைத் தயார் செய்யவில்லை. உக்ரேனியர் என்றால் உக்ரேனியம் இயல்பாக வரும் என்றே நினைத்திருந்தேன். நீங்கள் படித்துவிட்டுப் போய்ப் பேசும்போது எதிரில் இருப்பவர் தடுமாறினால், உடனே அவர் பேச்சைத் திருத்தாதீர்கள். நான் ஒருமுறை செய்தேன், இன்றும் நினைத்தால் கூசுகிறது.

உக்ரேனியத்தில் அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதற்கு விதி கிடையாது, எழுத்திலும் காட்ட மாட்டார்கள். ஒரே சொல்லில் முன்னால் அழுத்தினால் கோட்டை, பின்னால் அழுத்தினால் பூட்டு. இதற்கு 'ஹொரோக்' என்று ஒரு இணைய அகராதி இருக்கிறது. பெயருக்குப் பட்டாணி என்று அர்த்தம். சொல்லைப் போட்டால் அழுத்தத்தையும் எல்லா வேற்றுமை வடிவத்தையும் காட்டும். என் போனில் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் அந்தக் கார்கிவ் பெண்மணியின் மகன் வயதை எழுத வேண்டியிருந்தது. 11. அவர் சத்தமாகச் சொல்லிவிட்டு நிறுத்தினார். 'ஒதினாத்சியத்'. ரஷ்யத்தில் அழுத்தம் 'தி'யில் விழும். பழக்கத்தில் அங்கேயே போட்டுவிட்டாரோ என்று அவருக்கே சந்தேகம். என்னைப் பார்த்தார். எனக்கும் அந்த நொடியில் மறந்துவிட்டது. நான் போனை எடுத்தேன், அவரும் போனை எடுத்தார். இரண்டு திரையிலும் பட்டாணி. அழுத்தம் 'னா'வில் இருந்தது. இருவரும் சேர்ந்து இரண்டு முறை சொல்லிப் பார்த்தோம்.

பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த பையன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "மெனி அடுத்த வாரம் 'த்வனாத்சியத்'." 12. அதில் இரண்டு மொழியிலும் அழுத்தம் ஒரே இடத்தில்தான்.